இளைப்பாற ஓர் இடம்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார். உபயோகம் என்றால் வெற்றிக்கு வழி, வேலைக்கு வழி என்று பேசுவதுதான் வழக்கம். நான் சிவில் படித்துச் சாலை போடுகிற வேலையில் இருப்பவன். எனக்குத் தெரிந்த வழியெல்லாம் ஜல்லி கொட்டி, தார் ஊற்றிப் போடுகிற வழிதான். ஆகவே அந்தச் சாலையில் நெடுந்தூரம் நடந்து போகிறவர்களைப் பற்றியும், அவர்கள் நடுவழியில் உட்கார்ந்து இளைப்பாறுவதைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "உட்கார்றதுக்கு ஒரு லெக்சரா?" என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஆமாம் தம்பி, உட்கார்வதற்குத்தான். முடிவில் உங்களிடம் ஒரு காரியமும் கேட்கப்போகிறேன்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழநிக்கு மூன்று முறை நடந்திருக்கிறேன். பாதையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். ஏறத்தாழ 160 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,300 எட்டு. ஆக 2 லட்சம் எட்டுக்குமேல், ஒரு காலுக்கு 1 லட்சம். ஒவ்வொரு எட்டிலும் உடம்பின் எடைக்குச் சற்று அதிகமான விசை பாதத்தில் இறங்குகிறது. ஒரு லட்சம் முறை திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கப்படும் பாரம் என்றதும், நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 'ஃபெட்டீக்'. உலோகச் சோர்வு.

1850களிலும் 60களிலும் பிரஷ்யா நாட்டு ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று வோலர் என்ற இன்ஜினீயர் ஆராய்ந்தார். அச்சு தாங்கக்கூடிய பாரத்தைவிடக் குறைவான பாரம்தான். ஆனால் லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் முறிந்துவிடுகிறது. நாம் பரீட்சைக்கு முந்தின ராத்திரி வரைந்து வரைந்து பார்த்த எஸ்-என் வளைகோடு அவர் வேலையிலிருந்து வந்ததுதான். அதே பிரஷ்யாவில் 1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற ராணுவ டாக்டர், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார. எக்ஸ்ரே கண்டுபிடித்த பிறகுதான் உள்ளே எலும்பில் மெல்லிய முறிவு இருப்பது தெரிந்தது. அதற்கு இன்றும் 'நடை முறிவு' என்றுதான் பெயர்.

இரும்புக்கும் எலும்புக்கும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. என் பேச்சு முழுவதும் அந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. விரிசல் விட்ட அச்சை ஒரு மாதம் ஷெட்டில் சும்மா நிறுத்தி வைத்தாலும் விரிசல் அப்படியேதான் இருக்கும். எலும்பு அப்படியில்லை. சும்மா இருக்கும்போது அது தன்னைத் தானே ரிப்பேர் பண்ணிக்கொள்கிறது. பழுதான பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் புது எலும்பைக் கட்டுகிறது. அரித்து எடுக்க இரண்டு மூன்று வாரம். திரும்பக் கட்டி முடிக்க மூன்று மாதம்போல ஆகும். நம் ஊர் சாலை வேலை மாதிரிதான். தோண்டுவது சீக்கிரம், மூடுவது தாமதம். இடையில் அந்த இடம் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் ஓய்வில்லாமல் பாரம் ஏற்றினால் முறிவு வருகிறது. பயிற்சிக்குச் சேர்ந்த புதுச் சிப்பாய்களுக்கு முதல் சில வாரங்களிலேயே இது அதிகம் வருவதற்குக் காரணமும் அதுதான்.

தசையின் கதையும் இப்படித்தான். உடம்பு தசையிலும் ஈரலிலுமாகச் சுமார் அரைக் கிலோ கிளைகோஜன் சேர்த்து வைத்திருக்கிறது. நாள் முழுக்க நடந்தால் அது வெகுவாகக் கரையும். வயிறாரச் சோறு சாப்பிட்டாலும் அது பழையபடி நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆகையால், ஓய்வெடுக்கிறவன் சும்மா இருக்கிறான் என்று நாம் சொல்வது தப்பு. அவன் உடம்புக்குள்ளே அப்போதுதான் மராமத்து மும்முரமாக நடக்கிறது. பராமரிப்பு நேரத்தைச் சேர்க்காமல் எந்த மெஷினுக்கும் நாம் அட்டவணை போடுவதில்லை. மனுஷனுக்கு மட்டும் ஏன் போடுகிறோம்?

எங்கள் குழுவை நடத்திக்கொண்டு போகிற பெரியவர் ஒருவர் உண்டு. படிப்பு எட்டாங் கிளாஸ். பழநிக்கு நடந்தது நாற்பது தடவைக்கு மேல். அவர் ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் எல்லோரையும் உட்கார வைத்துவிடுவார். இளவட்டங்கள், "இப்பத்தானேய்யா உக்கார்ந்தோம், கால் ஒண்ணும் வலிக்கலையே" என்பார்கள். "வலிச்ச பெறகு உக்கார்றது வைத்தியம் தம்பி. வலிக்கிறதுக்கு முன்னாடி உக்கார்றதுதான் இளைப்பாற்றி" என்பார். பத்து நிமிஷத்துக்குமேல் உட்காரவும் விடமாட்டார், உடம்பு விறைத்துப் போகுமென்று. அந்தப் பத்து நிமிஷத்திலும் சில காரியங்கள் உண்டு. தோள்பையை இறக்க வேண்டும். செருப்பு போட்டவர்கள் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விட வேண்டும்; ஈரத்தில் ஊறிய தோலில்தான் உராய்வு கொப்புளத்தைக் கிளப்பும். காலைத் தூக்கி மரத்திலோ திண்ணையிலோ சாய்த்து வைத்தால் வீக்கம் இறங்கும். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். நடுப்பகலில் மட்டும் நீண்ட ஓய்வு. விடிவதற்கு முன்னால் கிளம்பி, வெயில் ஏறியதும் ஒதுங்கி, சாயங்காலம் மறுபடி கிளம்புவதுதான் பாதயாத்திரைக்காரர்களின் பழைய கணக்கு. கடும் வெயிலில் கறுப்புத் தார்ப்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். வெறுங்காலோடு நடக்கிறவனுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் தடவை போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மாலை போட்டு விரதம் இருக்கிற நாட்களிலேயே தினமும் கொஞ்சம் நடந்து பழகுங்கள். எலும்புக்கு அவகாசம் கொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் அப்பலாச்சியன் மலைப்பாதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெற்கே ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே மெய்ன் மாநிலம்வரை, 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கி.மீ. 1937-இல் பாதை முழுமையாயிற்று. முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடந்து முடித்ததாக முதலில் அறிவித்தவர் ஏர்ல் ஷேஃபர், அது 1948-இல். இப்போது வருஷந்தோறும் ஆயிரக்கணக்கானோர் கிளம்புகிறார்கள். முடிப்பவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர். அங்கே நடப்பவர்கள் தினமும் நடந்த தூரத்தைக் குறித்து வைப்பார்கள். ஏதாவது ஊரில் இறங்கி, துணி துவைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு அடிகூட முன்னேறாத நாளில் '0' என்று எழுதுவார்கள். அந்த நாளுக்கே 'ஜீரோ' என்றுதான் பெயர். நாம் ஜீரோ வாங்கினால் அப்பாவிடம் மறைப்போம். அவர்கள் கிளம்புவதற்கு முன்பே இத்தனை ஜீரோ என்று திட்டம் போட்டு வைக்கிறார்கள்.

அந்தப் பாதையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வழிநெடுக 250-க்கும் அதிகமான தங்கும் கொட்டகைகள் இருக்கின்றன. சராசரி பார்த்தால் 13, 14 கி.மீ.க்கு ஒன்று. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே கூரை, படுக்கப் பலகைத் தளம். அவ்வளவுதான். அவற்றைப் பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கங்களைச் சேர்ந்த தொண்டர்களே பராமரிக்கிறார்கள். நடப்பவன் தானாக நடந்துவிடலாம். ஆனால் அவன் இளைப்பாற வேண்டுமானால், அவனுக்கு முன்னால் யாரோ ஒருவர் அங்கே வந்து ஒரு கூரையைப் போட்டுவைத்திருக்க வேண்டும்.

இதை அமெரிக்காக்காரனிடம்தான் கற்க வேண்டும் என்பதில்லை. நம் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1930 மார்ச் 12-ஆம் தேதி காந்தியடிகள் 78 பேரோடு சபர்மதியிலிருந்து தண்டிக்குக் கிளம்பினார். தூரம் சுமார் 385 கி.மீ. அவருக்கு வயது அறுபது. ஏப்ரல் 5-ஆம் தேதி தண்டி போய்ச் சேர்ந்தார். தேசமே காத்துக்கொண்டிருக்கிறது; அப்போதும் திங்கட்கிழமைகளில் நடை கிடையாது. அது அவருடைய மௌன நாள். கூட வந்தவர்களுக்கு ஓய்வு நாள். நடந்த நாட்களை மட்டும் கணக்குப் பார்த்தால் ஒரு நாளுக்கு 17 கி.மீ. சுமாராக வரும். அதையும் காலை, மாலை என்று பிரித்தே நடந்தார்கள். குஜராத் வித்யாபீட மாணவர்கள் முன்னதாகவே ஊர் ஊராகப் போய்த் தங்குமிட ஏற்பாடுகளைக் கவனித்தார்கள். மாணவர்கள், உங்கள் வயசுப் பிள்ளைகள். சரித்திரத்தில் நடந்தவர்களின் பெயர் இருக்கிறது. பாய் விரித்து வைத்தவர்களின் பெயரை நாம் தேடித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த மாதமே நம் பக்கத்தில் ராஜாஜி கிளம்பினார். ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு புறப்பட்டு, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். சுமார் 240 கி.மீ. இந்தக் கதையில் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் செய்ததைக் கவனியுங்கள். ஊர்வலத்தை நேரே அடித்து நொறுக்க அவர் முற்படவில்லை. தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுக்கிறவர்களுக்குச் சிறை என்று எச்சரித்தார். நெடுந்தூரம் நடப்பவனை நிறுத்தப் பாதையை மறிக்க வேண்டியதில்லை, இளைப்பாறும் இடத்தைப் பிடுங்கினால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கெட்டிக்கார அதிகாரிதான்.

ஆனால் ஜனங்கள் அவரைவிடக் கெட்டிக்காரர்கள். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரம் சோறு போட்டால் மரத்தையா ஜெயிலில் போட முடியும்? காவேரிக் கரையில் தொண்டர்கள் களைத்து உட்கார்ந்தபோது, மண்ணில் புதைத்து வைத்திருந்த பெரிய பெரிய சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருக்கும் இடத்தை ரகசியமாகக் காட்டிக்கொடுத்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவுமறைவில்லாமல் தம் வீட்டிலேயே அவர்களை உபசரித்தார். அதற்காக ஆறு மாதம் சிறை சென்றார். ஒரு வேளைச் சோறும் திண்ணையும் கொடுத்ததற்கு ஆறு மாதம்! வேதாரண்யத்தில் அள்ளிய உப்பில் இவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

அந்த ஜனங்களுக்கு இது புதுப் பழக்கம் அல்ல. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதோடு நிற்கவில்லை, சத்திரமும் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் நிற்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். யாத்ரீகன் நோயில் விழுந்தால் குணமாகும்வரை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வழியில் பிரசவ வேளை வந்த பெண்களையும் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் சாலை என்றால், அதில் இளைப்பாறும் இடமும் சேர்த்தித்தான்.

சத்திரம் ராஜா வீட்டுக் காரியம். சாதாரண ஜனங்கள் கட்டியது சுமைதாங்கி. பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இரண்டு கல்லைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். ஏறக்குறைய தோள் உயரம். தலையில் நாற்பது கிலோ மூட்டையோடு தனியாக வருகிறவனை யோசித்துப் பாருங்கள். அந்த மூட்டையை ஒன்றரை மீட்டர் தூக்குவதற்குக் கணக்குப்படி 600 ஜூல்கூட ஆகாது. ஒரு வாய்ச் சோற்றில் அதைவிட அதிகச் சக்தி இருக்கிறது. சிக்கல் சக்தியில் இல்லை. தரையிலிருந்து தலைக்கு ஏற்றும்போது முதுகு வளைகிற வளைவில் இருக்கிறது. இன்னொருவர் கை கொடுக்காமல் திரும்ப ஏற்ற முடியாது. அதனால் அவன் எவ்வளவு களைத்தாலும் இறக்கவே மாட்டான். சுமைதாங்கியில் மூட்டையைப் பக்கவாட்டில் நகர்த்தி வைத்தால் போதும். திரும்பத் தலையைக் கொடுத்து நகர்த்தினால் ஏறிவிடும். மூன்றே கல்லில் ஒரு முழு டிசைன்! டிராயிங் போட்டவர் பெயர் நமக்குத் தெரியாது.

யாருக்காகக் கட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் பெரும்பாலும் சுமைதாங்கி நடுவார்கள். சுமையை இறக்கி வைக்காமலே போய்ச் சேர்ந்தவள் அவள். வழிப்போக்கர்கள் இங்கே சுமையை இறக்க இறக்க, அங்கே அவள் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. அந்த வீட்டார் தங்கள் துக்கத்தை வைத்து, முன்பின் தெரியாதவனுக்கு ஓர் உபகாரத்தைச் செய்துவிட்டுப் போனார்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். நாலுவழி நெடுஞ்சாலைக்கு ஐ.ஆர்.சி. கையேடு இருக்கிறது. லாரி ஒதுங்க இடம், பஸ் நிற்க இடம், காரில் வருகிறவர்கள் இளைப்பாற இடம் எல்லாம் அதில் உண்டு. வேண்டியதுதான், லாரி டிரைவர் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வேலை பார்த்த சாலைகளின் வரைபடத்தில், நடந்து வருகிற ஒருத்தர் உட்கார ஒரு கல் போட்டிருந்ததைப் பார்த்ததில்லை. அகலப்படுத்துகிறபோது முதலில் போவது புளியமரம். நிழல் போயிற்று. அடுத்தது சாலையோரத்துக் கிணறும் தண்ணீர்ப்பந்தலும். ஓர் இடத்தில், நான் அந்த வேலைக்குப் போவதற்கு முன்பே சுமைதாங்கி ஒன்றைப் பெயர்த்து ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். சர்வே பட்டியலில் மரத்துக்கு எண் இருந்தது, போர்வெல்லுக்கு எண் இருந்தது. அந்தக் கல்லுக்கு எண் இல்லை. ஊர்க்காரர்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் கோயில் பக்கத்தில் நட்டு மஞ்சள் பூசினார்கள்.

தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் நடக்கிறார்கள். அன்னதானத்துக்குக் குறைவில்லை, வழிநெடுகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போடுகிறார்கள். சில இடங்களில் தனி நடைபாதையும் போட்டிருக்கிறார்கள், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் பந்தல் இல்லாத நீண்ட இடைவெளிகளில், களைத்தவன் எங்கே உட்காருவான்? தார்ச்சாலையின் விளிம்பில் உட்காருகிறான். ராத்திரியில் அங்கேயே துண்டை விரித்துப் படுத்தும் விடுகிறான். அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்பதைப் பேப்பரில் படிக்கிறோம். 'கவனக்குறைவு' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது டிசைன் குறைபாடு என்பது என் அபிப்பிராயம். தைப்பூசம் முடிந்த பிறகும் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். சந்தைக்குப் போகிற கிழவி, ஆட்டுக்காரர், பஸ் இல்லாத ஊரின் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

ஆகவே இந்தச் சங்கத்திடமும் மாணவர்களிடமும் நான் கேட்கிற காரியம் இதுதான். கடைசி வருஷ சிவில் பிள்ளைகள் பாதயாத்திரைச் சாலை ஒன்றில் ஐம்பது கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு நடந்தே சர்வே பண்ணுங்கள். ஜீப்பில் போனால் தெரியாது. நிழல், தண்ணீர், உட்காரப் பாதுகாப்பான இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து எங்கே இருக்கிறது, அடுத்தது எவ்வளவு தூரத்தில் என்று குறியுங்கள். 1892-இல் நைஸ்மித் என்ற மலையேறி ஒரு விதி சொன்னார்: சமதரையில் மணிக்கு 5 கி.மீ. அதையே வைத்துக்கொண்டு, 5 கி.மீ.க்கு ஓர் இளைப்பாற்றி என்று கணக்குப் போடுங்கள். சாலையை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கட்டும். எழுந்திருக்கச் சிரமமில்லாத ஒன்றரை அடி உயரக் கல்பெஞ்சு ஒன்று. பையை நின்றபடியே இறக்கி வைக்கத் தோளுயரத்தில் ஒரு கல். அதாவது நம் சுமைதாங்கியேதான். ஒரு வேம்போ புங்கமோ. ராத்திரியில் தெரிகிற மாதிரி ஒரு சூரிய விளக்கு. மாதிரிப் படமும் எஸ்டிமேட்டும் நான் போட்டுத் தருகிறேன். நெடுஞ்சாலைத் துறையிடமும் ஊராட்சியிடமும் அனுமதி வாங்க அலைவதற்கு என் பேட்ச் நண்பர்கள் நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். பணத்துக்கு, நல்ல நிலையில் இருக்கும் அண்ணன்மார்களைப் பார்க்கிறேன். அவர்களும் என்னைப் பார்க்கிறார்கள். மரத்துக்கு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். காரியத்தில் கஷ்டமான பகுதி அதுதான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு முன்னால் நீண்ட நடை இருக்கிறது. அரியர்ஸ், இன்டர்வியூ, ராத்திரி ஷிஃப்ட், வெளியூர் வேலை என்று ஓடிக்கொண்டே இருப்பீர்கள். பெரியவர் சொன்னதை நானும் சொல்கிறேன்: வலிப்பதற்கு முன்னால் உட்காருங்கள். கூட நடக்கிறவன் உட்கார்ந்தால் அவனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். ஹாஸ்டலில் ஒருத்தன் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தால், அவன் சுமை இறக்க இடம் தேடிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் போய் நில்லுங்கள், அது போதும்.

சர்வேக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காகப் பந்தல் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.